கோபி பக்கம் வீடு கட்டிக் குடிவந்தோம், பக்கத்துத் தோட்டத்தோடு ஒத்துப்போக முடியவில்லை. என்ன செய்யலாம்?

புதுவீடு_கோபி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நாங்கள் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தவர்கள். கணவர் ஓய்வு பெற்றதும் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் 40 சென்ட் வாங்கி, வீடு கட்டி, போன தை மாதம் பால் காய்ச்சி வந்துவிட்டோம். வாய்க்கால், நெல் வயல், தென்னை என்று கண்ணுக்கு நிறைவான இடம். மாமியாருக்கு 84 வயது, நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்த உடம்பு. அவர்களுக்கு நல்ல காற்று கிடைக்கட்டும் என்பதும் ஒரு காரணம்.

மேற்கே இருக்கும் தோட்டத்துக்காரர் நாலு மாடு வைத்திருக்கிறார். மாடு கட்டுகிற அவருடைய கட்டுத்தரை எங்கள் வேலியை ஒட்டி இருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே எருக்குழி. எங்கள் சமையலறை ஜன்னல் நேராக அந்தக் குழியைத்தான் பார்க்கிறது. மழை பெய்தால் நாற்றம் தாங்க முடியவில்லை, ஈ சாப்பாட்டுத் தட்டை விட்டு நகருவதில்லை. வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திய பிறகு அவர் போர்வெல் குழிக்கு கம்ப்ரசர் மோட்டார் போடுகிறார். அது நடுராத்திரி ஒரு மணிக்கும் ஓடும், இரண்டு மணிக்கும் ஓடும். ஆலைக் கொட்டகையில் வெல்லம் காய்ச்சும் நாட்களில் புகை நேரே வீட்டுக்குள் வருகிறது.

அப்புறம் கோயில் ஒலிபெருக்கி. ஊர் மாரியம்மன் நோம்பி (திருவிழா) நடந்தபோது, தொடக்கத்தில் வரும் பூச்சாட்டிலிருந்து முடிவில் கம்பம் பிடுங்கும் வரை ராத்திரியும் விடிகாலையும் பாட்டுதான், ஒரு குழாய் ஸ்பீக்கரை நேராக எங்கள் மாடியைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். மார்கழியில் நாலரை மணிக்கே ஆரம்பித்துவிடும் என்கிறார்கள், இப்போதே பயமாக இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல் பாதைப் பிரச்சினை. எங்கள் நிலத்தின் கிழக்கு ஓரமாக வாய்க்காலுக்கு ஆட்கள் நடந்துபோகிறார்கள், மாடு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். சில பேர் போகிற போக்கில் வாசலில் நின்று என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய இடம், பத்திரம் எங்கள் பேரில் இருக்கிறது. கம்பிவேலி போட்டு கேட் வைத்தோம். அன்றிலிருந்து மேற்குத் தோட்டத்துக்காரர் எங்களோடு பேசுவதில்லை. எங்கள் மீதும் புகார் சொல்கிறாராம்: ராத்திரி முழுக்க வெளி விளக்கு எரிகிறது, நாய் குரைக்கிறது, சனி ஞாயிறு வரும் சொந்தக்காரர்கள் காரை வழியில் நிறுத்துகிறார்கள் என்று. எங்கள் இடத்தில் எங்கள் விளக்கு எரிவது அவருக்கு என்ன தொந்தரவு என்று எனக்குப் புரியவில்லை.

பஞ்சாயத்துத் தலைவரிடம் போகலாமா, போலீசில் எழுதிக் கொடுக்கலாமா, இல்லை வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். சண்டை போட வந்தவர்கள் இல்லை நாங்கள், நிம்மதியாக இருக்க வந்தவர்கள்.


பவானி_விவசாயி எழுதியது:

அக்கா, நான் பவானி பக்கத்துக்காரன், விவசாயம்தான். உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எனக்குத் தெரியாதவர், ஆனாலும் அவர் இடத்தில் இருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மோட்டார் ராத்திரி ஓடுவது அவர் விருப்பப்பட்டு இல்லை. விவசாய மின்சாரம் மும்முனையில் எந்த நேரம் கிடைக்கிறதோ அந்த நேரத்தில்தான் தண்ணீர் பாய்ச்ச முடியும். பகலில் ஒரு பங்கு, ராத்திரி ஒரு பங்கு என்று வந்துகொண்டிருக்கும்போது, ராத்திரி வருவதை விட்டுவிட்டால் பயிர் காயும். ஒரு மணிக்கு எழுந்து பேட்டரி லைட்டோடு வரப்பில் நடந்து மடை திருப்புகிறவருக்கும் தூக்கம் தேவைதான்.

விளக்கு விஷயத்தில் அவர் சொல்வது நியாயம். நெல்லில் தண்டு துளைக்கும் பூச்சியின் அந்து வெளிச்சத்துக்கு வரும், அதனால்தான் விளக்குப்பொறி வைத்துப் பிடிக்கிறோம். நீங்கள் வேலி ஓரத்தில் ராத்திரி முழுக்க வெள்ளை விளக்கு போட்டால் சுற்று வட்டாரப் பூச்சி எல்லாம் அங்கேதான் கூடும், அதற்கு அடுத்து இருப்பது அவர் வயல். சில ரகங்களில் வெளிச்சம் விழுகிற இடத்தில் கதிர் தள்ளுவதே தாமதமாகும், தெருவிளக்குக்குக் கீழே இருக்கிற வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆள் நடமாட்டம் பட்டால் மட்டும் எரிகிற சென்சார் விளக்கு கடையில் கிடைக்கிறது. மஞ்சள் பல்பாக வாங்கி, வீட்டுப் பக்கம் திருப்பி, தாழ்த்திக் கட்டினால் பிரச்சினை முடிந்தது.

நாய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் நாய் கடித்து ஆடுகள் செத்து, நஷ்டஈடு கேட்டு விவசாயிகள் போராட்டமே நடத்தினார்கள். உங்கள் நாய் குரைப்பதைப் பற்றி அவர் பேசினாலும், அது வேலி தாண்டிப் பட்டியில் நுழைந்துவிடுமோ என்ற பயம் உள்ளே இருக்கும். ராத்திரி கட்டி வையுங்கள், ஊசி போட்டிருப்பதை அவரிடம் சொல்லுங்கள்.

கார் நிறுத்துவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறுப்பு மெஷின் ஒரு ஊருக்கு வந்தால் வரிசையாக எல்லா வயலையும் முடித்துக்கொண்டு போய்விடும். வாடகை மணிக்கணக்கு. அது வருகிற நேரத்தில் வழியில் கார் நின்று, சாவி வைத்திருப்பவர் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு அவர் முறை போய்விடும், அதற்குள் மழை வந்தால் நெல் சாய்ந்துவிடும்.

பாதை பற்றி ஒன்று கேட்கிறேன். அதில் நடந்துபோகிறவர்கள் யார்? தோட்டத்துக்காரர் மட்டுமா, களை எடுக்க நாற்று நடப் போகிற கூலி ஆட்களுமா? உங்களிடம் வந்து கேட்டைத் திறங்கள் என்று கேட்கக்கூடத் தயங்குகிறவர்கள் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருப்பார்கள். அதை முதலில் விசாரியுங்கள்.


டீச்சரம்மா எழுதியது:

மேலே தம்பி எழுதியதில் பெரும்பாலானது சரி. ஒலிபெருக்கியைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

நான் பிறந்ததும் கிராமம், வேலை பார்ப்பதும் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். கிராமம் என்றால் சத்தம் இருக்கும், நகரத்திலிருந்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாடு, எரு, மோட்டார், அறுப்பு மெஷின் எல்லாம் பிழைப்பு. நாலரை மணிக்குப் பத்து வீடு தள்ளிக் கேட்கும்படி குழாய் கட்டுவது யாருடைய பிழைப்பும் இல்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மார்ச், ஏப்ரலில் வருகிறது. எங்கள் கொங்குப் பக்கம் மாரியம்மன் நோம்பியும் பெரும்பாலும் பங்குனி சித்திரையில்தான். ராத்திரி பன்னிரண்டு வரை கம்பத்தைச் சுற்றி ஆட்டம், அதற்கு ஆளுயர ஸ்பீக்கர். மறுநாள் கண் சிவந்து தேர்வு எழுத வருகிற பிள்ளைகளை வருடாவருடம் பார்க்கிறேன். பக்கவாதத்தில் படுத்திருக்கிற பெரியவர்கள், கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்கள் எல்லோருக்கும் இது வேதனைதான். அவர்கள் வாயைத் திறப்பதில்லை. கோயில் காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறாள் என்ற பேர் வந்தால் அந்த ஊரில் காலம் முழுக்க அது ஒட்டிக்கொள்ளும்.

முன்பு பறையும் உருமியும் நாதஸ்வரமும் மட்டும் இருந்த நோம்பியை நான் பார்த்திருக்கிறேன். அது ஊருக்குள் கேட்கும், நெஞ்சை அடைக்காது. இப்போது கேட்பது வாடகைக்கு எடுத்த சவுண்ட் சர்வீஸ். இது நம் பழக்கம், மாற்றக்கூடாது என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, இது எத்தனை வருடப் பழக்கம் என்பதுதான்.

அதனால் அம்மா, உங்கள் புகார்களை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். எருவையும் ஒலிபெருக்கியையும் ஒன்றாகச் சேர்த்துப் புகார் கொடுத்தால், ஊருக்கே இவர்கள் எதிரி என்று முடித்துவிடுவார்கள், ஒலிபெருக்கியால் கஷ்டப்படுகிற உள்ளூர்க்காரர்களும் உங்கள் பக்கம் நிற்க முடியாமல் போகும்.


வழக்காடு_மன்றம் எழுதியது:

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். எதைப் பயன்படுத்துவது, எதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது என்பது உங்கள் முடிவு.

ஒலி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் அறவே கூடாது. திருவிழா நாட்களுக்கு மாநில அரசு விலக்கு கொடுக்கலாம், ஆனால் அது இரவு 10 முதல் 12 வரைதான், வருடத்துக்கு 15 நாளுக்கு மிகாமல். ஆகவே விடிகாலை நாலரை மணி எந்த விலக்கிலும் வராது, மார்கழியானாலும் சரி. எந்த மதமானாலும் சரி. குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. சென்னையில் மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கத்துக் குடியிருப்பு நலச் சங்கம் ஒன்று தொடர்பான வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் வழிபடுவது மத உரிமைக்குள் வராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 2005 ஜூலையிலும் விரிவான தீர்ப்பு இருக்கிறது. இந்தப் பகுதியில் சட்டம் முழுக்க உங்கள் பக்கம்.

எருக்குழி, புகை. சுகாதாரக் கேடு என்ற அளவுக்குப் போனால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. ஆனால் விவசாயக் கிராமத்தில் நாலு மாட்டுக்கான எருக்குழியைப் பொதுத் தொல்லை என்று நிரூபிப்பது சுலபமில்லை. வெல்ல ஆலை கரும்புச் சக்கையை எரித்தால் பேசித் தீர்க்கிற விஷயம். பழைய டயர், துணிக் கழிவு எரிக்கிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். அந்தப் புகை விஷம், அது வெல்லம் காய்ச்சுகிற ஆட்களுக்கும்தான்.

பாதை. இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். பத்திரம் உங்கள் பேரில் இருப்பதால் மட்டும் பாதை மறைந்துவிடாது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, 20 வருடம் தடையில்லாமல், உரிமையாக, வெளிப்படையாக நடந்த வழிக்குப் பாத்தியம் உண்டாகும். ஊர் வழக்கத்தால் வரும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. உங்கள் கிரையப் பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். நம் பக்கப் பத்திரங்களில் சொத்து விவரத்துக்குக் கீழே ‘மாமூல் வழிநடைத் தடப் பாத்தியம் சகிதம்’ (வழக்கமாக நடக்கிற பாதையின் உரிமையும் சேர்த்து) என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும், வாங்குகிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) எடுத்துப் பாருங்கள். அந்த ஓரம் இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகிற ஊர்ப் பாதை) என்று காட்டி, கிராமத்து நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் புறம்போக்காக இருந்தால் நீங்கள் போட்டது உங்கள் நிலத்து கேட்டே இல்லை. பார்க்கும் வரை பூட்டாதீர்கள். வழக்கு என்று போனால் இந்த ஒரு கேட்டே உங்களைத் தோற்கடிக்கும்.


சங்கரன்கோயில்_டு_சென்னை எழுதியது:

நான் இதை நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து பார்க்கிறவன். எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம், பிள்ளைகள் படிப்புக்காகச் சென்னையில் ஃப்ளாட்டில் இருக்கிறோம்.

வந்த புதிதில் அம்மா மொட்டை மாடியில் வத்தலும் மிளகாயும் காயப்போட்டார்கள். வாட்ஸப் குழுவில் போட்டோ போட்டு, பொது இடத்தை ஆக்கிரமிக்கக் கூடாது என்று எழுதினார்கள். யார் வீட்டு மிளகாய் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கதவைத் தட்டிச் சொல்லவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்தால் எதிர்வீட்டுக் கதவு அறைந்து சாத்தப்படும். அப்பா ஊரிலிருந்து வந்து போனில் பேசினால் கீழ்வீட்டுக்குக் கேட்கிறதாம். எங்கள் ஊரில் வரப்பில் நின்று அடுத்த வயலுக்குப் பேசிப் பழகிய தொண்டை, அதை எப்படிக் குறைப்பது? அம்மாவுக்கு அதைவிடப் பெரிய வருத்தம், அந்த மாடியில் நாலு வீட்டில் யாரும் சாயங்காலம் வாசலில் உட்காருவதில்லை என்பது. மூன்றாவது வீட்டுப் பாட்டி ஆஸ்பத்திரியில் இருந்த செய்தியே அவர்கள் காரியம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா அன்றைக்கு அழுதுவிட்டார்கள்.

என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொந்தரவுக் கணக்கில் சேர்க்காதீர்கள் அம்மா. உங்கள் மாமியாருக்கு ராத்திரி திடீரென்று நெஞ்சு வலித்தால், ஆம்புலன்ஸ் வரும் முன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்கப் போவது அப்படிக் கேட்டவர்கள்தான்.

நகரத்தில் புகார் எழுத்தில் வரும், ஆள் வராது. ஊரில் ஆள் வருவார், எழுதிக் கொடுத்தால் அவமானம். நீங்கள் வக்கீல் நோட்டீஸ் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த வாட்ஸப் போட்டோதான் நினைவுக்கு வந்தது.


மணிமாறன்77 எழுதியது:

விற்றுவிட்டுச் சென்னைக்கே வந்துவிடுங்கள். இந்த வயதில் எதற்கு இந்தப் போராட்டம். எங்கள் சித்தப்பா இதே மாதிரி தேனி பக்கம் போய் மூன்றே வருடத்தில் திரும்பினார்.


புதுவீடு_கோபி எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. விற்கிற எண்ணம் இல்லை, கணவருக்கு இந்த இடம் மனசோடு ஒட்டிவிட்டது.

பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். வழக்காடு மன்றம் சொன்ன அந்த வரி அப்படியே இருக்கிறது. வி.ஏ.ஓ.விடம் புலப்படம் கேட்டிருக்கிறோம், சர்வேயர் வைத்து அளக்கப் பணமும் கட்டப் போகிறோம். அதுவரை கேட்டைத் திறந்தே வைத்திருக்கிறோம். பவானி விவசாயி கேட்டதற்குப் பதில்: ஆமாம், காலனியிலிருந்து வயல் வேலைக்குப் போகிற பெண்கள்தான் அதிகம் நடக்கிறார்கள். கேட் பூட்டியிருந்த நாட்களில் அரை மைல் சுற்றிப் போயிருக்கிறார்கள், ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். எல்லோரும் எங்களையே அனுசரித்துப் போகச் சொல்கிறீர்கள். ஈக்கும் நாற்றத்துக்கும் நாங்கள் என்ன செய்வது? குழி இருக்கிற இடத்தை அவர் பத்தடி தள்ளி வைத்தால் அவருக்கு ஒன்றும் குறையாது. சமையலறையில் நின்று பத்து நிமிடம் வேலை செய்து பார்த்தால் தெரியும். மாமியார் சாப்பிட உட்கார்ந்தால் நான் பக்கத்தில் நின்று விசிற வேண்டியிருக்கிறது.


காரைக்கால்_பாரிஸ் எழுதியது:

நான் காரைக்கால், பல வருடமாகப் பிரான்ஸில் இருக்கிறேன். உங்கள் பிரச்சினை இங்கே நாட்டின் சட்டமன்றம் வரை போன விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

மேற்குக் கடற்கரையில் ஒலெரோன் என்று ஒரு தீவு. அங்கே விடுமுறைக்கு வந்து தங்க வீடு வைத்திருந்தவர்கள், பக்கத்து வீட்டுச் சேவல் விடிகாலையில் கூவுகிறது என்று வழக்குப் போட்டார்கள். சேவலுக்கு மொரீஸ் என்று பேர், நாடு முழுக்க அதற்கு ஆதரவாகக் கையெழுத்து இயக்கம் நடந்தது. 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் சேவல் பக்கம் தீர்ப்பு சொன்னது. அதே மாதிரி தேவாலய மணி, மாட்டு மணி, வாத்து, குளத்துத் தவளை என்று பல ஊர்களில் வழக்குகள். கடைசியில் 2021 ஜனவரி 29 அன்று ஒரு சட்டம் வந்தது, கிராமப்புறத்தின் ஒலிகளும் வாசனைகளும் அந்த நாட்டுப் பாரம்பரியத்தின் ஒரு பகுதி என்று. 2024 ஏப்ரலில் இன்னொன்று: நீங்கள் குடிவருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த வேலையால் வரும் தொந்தரவுக்கு நஷ்டஈடு கேட்க முடியாது.

இதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிட வேண்டாம், அதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த வேலை சட்டப்படி நடக்க வேண்டும், முன்பு இருந்ததைவிட மோசமாகியிருக்கக் கூடாது. நாலு மாடு இருந்த இடத்தில் நாற்பது மாட்டுப் பண்ணை வந்தால் கேள்வி கேட்கலாம். டீச்சரம்மா சொன்ன சவுண்ட் சர்வீஸ் விஷயத்துக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். கோயிலும் நோம்பியும் நீங்கள் வரும் முன்பே இருந்தவை, ஆளுயர ஸ்பீக்கர் பிறகு வந்தது.


பவானி_விவசாயி எழுதியது:

அக்கா, உங்கள் வருத்தம் நியாயம். ஈ விஷயத்தில் அவரும் மாற வேண்டும், செய்யவும் முடியும். வெயில் காலத்தில் ஈ முட்டை ஒரு வாரம் பத்து நாளில் பறக்கிற ஈயாகிவிடும். ஈரமான புதுச் சாணத்தின் மேல்பகுதியில்தான் முட்டையிடும். அன்றன்றைக்குப் போடுகிற சாணத்தின் மேல் நாலு கூடை காய்ந்த மண்ணோ, கரும்புச் சோகையோ, பழைய எருவோ மூடிவிட்டாலே பாதி ஈ குறையும். குழியைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி ஓரத்தில் கல் வைத்தால் உள்ளே சூடேறிப் புழு செத்துவிடும், மழைத் தண்ணீரும் இறங்காது, நாற்றமும் அடங்கும். இதில் அவருக்கு லாபம் இருக்கிறது. திறந்து கிடக்கிற எரு வெயிலிலும் மழையிலும் சத்தை இழக்கும், மூடி வைத்தது வயலுக்கு நல்ல எருவாகப் போகும். நாற்றம் என்று ஆரம்பிக்காமல் அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். தார்ப்பாய் நீங்களே வாங்கிக் கொடுத்தாலும் தப்பில்லை.

நாலு மாடு என்றால் தினம் 40, 50 கிலோ சாணம் கிடைக்கும். 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு அது போதும். அப்படி ஒன்று போட்டால் சாணம் குழிக்கே போகாது, கலனிலிருந்து வெளியே வருகிற கழிவில் நாற்றமும் ஈயும் குறைவு, அடுப்புக்கு காஸ் கிடைக்கும். மானியம் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு அவரிடம் பேச்சை எடுங்கள்.

மோட்டாருக்கு: கம்ப்ரசருக்குக் கீழே தடித்த ரப்பர் வைத்து, பெல்ட் சரிபார்த்து, உங்கள் பக்கம் மட்டும் ஆறடிக்குச் செங்கல் சுவர் எழுப்பினால் சத்தம் நன்றாகக் குறையும். முழுசாகத் தீர வேண்டுமானால் சூரியசக்தி பம்புசெட். வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் கொடுக்கிறது. அதில் தண்ணீர் பகலில்தான் ஏறும், அவரும் ராத்திரி தூங்கலாம்.

அவர் உங்களிடம் கேட்காமல் இருக்கிற இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். உங்கள் செப்டிக் டேங்க் உறிஞ்சுகுழிக்கும் அவர் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம்? அறுபது அடியாவது இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் உங்கள் கழிவு அவர் குடிக்கிற தண்ணீரில் சேரும்.

பேசப் போகும்போது நீங்களும் அண்ணாவுமாக இரண்டு பேரும் போங்கள், நடுவில் ஆள் வைக்காதீர்கள். பஞ்சாயத்துத் தலைவரை முதலிலேயே இழுத்தால் அது கட்சி விஷயமாகும், ஜாதிக்காரரைக் கூட்டிக்கொண்டு போனால் ஜாதி விஷயமாகும். சாயங்காலம் பால் கறந்து முடித்த நேரமாகப் பார்த்துப் போங்கள்.


புதுவீடு_கோபி எழுதியது:

நேற்று தோட்டத்துக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவிதான் முதலில் பேசினார். கேட் திறந்திருப்பதைப் பார்த்ததாகச் சொன்னார், காபி கொடுத்தார். எருவை மூடி வைக்க ஒத்துக்கொண்டார்கள், குழியை மாற்ற இப்போது முடியாது, அடுத்த மஞ்சள் நடவுக்கு எரு அள்ளின பிறகு பார்க்கலாம் என்றார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை, ஆனால் ஒரு தேதி என்று கிடைத்திருக்கிறது. மோட்டார் பக்கம் சுவர் நாங்கள் கட்டிக்கொடுக்கிறோம் என்று கணவர் சொன்னார், அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. விளக்கை மாற்றிவிட்டோம். உறிஞ்சுகுழியை அளந்தோம், எழுபது அடிக்கு மேல் இருக்கிறது.

ஆலைப் புகை பற்றிக் கேட்டதற்கு, சக்கை மட்டும்தான் எரிக்கிறார்கள், வேறு எதையும் எரிக்க விடமாட்டேன் என்றார் தோட்டத்துக்காரர். ஒலிபெருக்கி பற்றிப் பேச்சு எடுத்ததும் அவர் அம்மா உள்ளேயிருந்து வந்து, தனக்கும் அந்த நாட்களில் நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னார். தோட்டத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இதை அடுத்து எப்படி எடுத்துப் போவது?


பவானி_விவசாயி எழுதியது:

நோம்பிக்கு முன்னால் வீட்டுக்கு வீடு கோயில் வரி கேட்டு வருவார்கள், உங்களையும் கேட்பார்கள். மனசோடு கொடுங்கள். கொடுக்கும்போதே, குழாயை ஊருக்குள் திருப்பிக் கட்டுங்கள், பத்து மணிக்கு நிறுத்துங்கள், வீட்டில் நெஞ்சு நோயாளி இருக்கிறார் என்று சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் தோட்டத்துக்காரரும் இருப்பார்.


டீச்சரம்மா எழுதியது:

வரி கொடுக்கலாம், நானும் கொடுக்கிறேன். ஆனால் வரி கொடுத்தால்தான் தூங்க முடியும் என்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. வரி கொடுக்க வசதி இல்லாதவர்களும், வரியே வாங்காமல் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களும் அதே ஊரில்தான் படுத்திருக்கிறார்கள்.

மார்கழிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்தத் தோட்டத்து அம்மாவையும் உங்கள் மாமியாரையும் சேர்த்து, அந்தத் தெருவில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் நாலைந்து பேர் கையெழுத்தோடு கோயில் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஆறு மணிக்கு மேல் போடுங்கள், உள் ஸ்பீக்கர் மட்டும் போடுங்கள் என்று இரண்டே வேண்டுகோள். பாட்டு வேண்டாம் என்று ஒரு இடத்திலும் எழுத வேண்டாம். அதற்கும் கேட்கவில்லை என்றால் அந்தக் கடிதத்தின் நகலோடு காவல் நிலையத்துக்குப் போகலாம், அப்போது அது வெளியூர்க்காரர் புகாராக இருக்காது. கடிதம் எழுத உதவி வேண்டுமானால் இங்கேயே கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன்.